குழாய் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேலையிடத்தில் யாரிடமும் பேச்சு வாங்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த வார்த்தையை இன்றைக்கு நான் போட்டால் ஏற்கெனவே சொன்ன பொய்களோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். போன மாதம் நீ ஒரே ஒரு வரி எனக்கு அனுப்பியிருந்தாய், "அப்பா, அடுப்புக் குழாய் எந்தப் பக்கம் சாய்வு?" என்று. பார்த்தேன், பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன். அன்றைக்கு ஜன்னல் பக்கம் சாய்வு, வெளியே போகப் போக இறக்கம், அடிக்குக் கால் அங்குலம். நீ சந்தேகப்பட்டது சரி. உன் அம்மா அன்றைக்கு ஜன்னலை மூடவில்லை, தூங்கவும் இல்லை. இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன், என் லட்சணம் உனக்குத் தெரியும். காகிதம் என்றால் குறுக்கே பேசாது, அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

குளிர் காலத்தில் அறைகளைச் சூடாக்க வெந்நீர் ஓடுகிற சூட்டுக் குழாய் அடைக்கப்பட்ட கதை உனக்குப் பாதிதான் தெரியும். பின்கட்டில் இருக்கிற பதினோரு குடித்தனத்துக்கும் போகிற குழாயை வீட்டுக்காரர் அடைக்கச் சொன்னார், பழுது பார்க்க வேண்டும், இரண்டு வாரத்தில் திறந்துவிடலாம் என்றார். அடைத்தது யார் தெரியுமா, நான்தான். இந்தக் கட்டடத்துக்குக் குழாய் வேலை பார்ப்பவன் நான், என்னைக் கூப்பிட்டார், போனேன், மூடி போட்டு இறுக்கினேன். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. பின்கட்டைக் காலி செய்து இடித்துவிட்டு உயரமாக ஏதோ கட்டப் போகிறாராம், குளிர் தாங்காமல் நாங்களே ஓடிவிடுவோம் என்று கணக்கு. வால்வு இருக்கும் அறைக்குப் புதுப் பூட்டு. கூலி கொடுத்து என் கையாலேயே என் வீட்டை அடைக்க வைத்துவிட்டார், நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இருநூறு வீட்டுக்கு வெந்நீர் வரவைத்தவன் வீட்டில் உன் அம்மா கையுறை போட்டுக்கொண்டு காய் நறுக்கினாள். அவள் ஒருத்தி என்றால்கூடப் பொறுத்துக்கொள்வாள். காலையிலிருந்து மாலை வரை மூன்று பிள்ளைகள் அந்த அறையில் இருந்தார்கள், மாடியில் இருக்கிற தையல்காரம்மாவின் பெண் பட்டாணி, பஸ் டிரைவரின் பையன்கள் இரண்டு பேர். பெற்றவர்கள் வேலைக்குப் போகும் நேரம் முழுக்க உன் அம்மாதான் அவர்களுக்கு எல்லாம். பட்டாணிக்கு இரண்டு வயது முடியவில்லை, மூக்கு எந்நேரமும் சிவந்து ஒழுகும். அதைப் பார்த்துத்தான் விறகடுப்பு ஒன்று செய்யலாம் என்று ஆரம்பித்தேன். எண்ணம் நல்ல எண்ணம்தான் என்று சொல்லிக்கொள்ள இந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இடம் கொடு.

காசு போட்டு ஒன்றும் வாங்கவில்லை. முன்கட்டில் புதுக் குளியலறை போடும்போது கழற்றி எறிந்த வெந்நீர்த் தொட்டி ஒன்று கிடந்தது, உள்தொட்டி நல்ல கனமான இரும்பு. அதை உரித்து, பக்கத்தில் சதுரமாக வெட்டி, வெட்டிய துண்டையே கதவாக்கி, துணி துவைக்கும் மெஷின் ஒன்றின் கீலை மாட்டினேன். உள்ளே விறகு நிற்க வடிகால் சல்லடை மூடி. நாலு கால்கள் கட்டில் சட்டத்திலிருந்து. கீழே செங்கல் பரப்பி மணல் கொட்டினேன். காற்று போகும் துளையைத் திறந்து மூட ஒரு பழைய வால்வுக் கைப்பிடி, திருகினால் நெருப்பு ஏறும், திருப்பித் திருகினால் அடங்கும். புகைபோக்கிக்கு நாலு அங்குல வார்ப்பிரும்புக் குழாய், தலைக்கு மேலே படுக்கையாகப் போய் ஜன்னல் பக்கச் சுவர் வழியாக வெளியேறும். அது முன்பு என்னவாக இருந்தது என்று உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "ஊரான் வீட்டு கக்கூஸ் குழாயை என் தலைக்கு மேல தொங்க விடுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா"ன்னு கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் நெருப்பு பிடித்தபோது டிரைவர், தையல்காரம்மா எல்லோரும் வந்து கையை நீட்டிக் காய்ந்தார்கள். "அண்ணே, நீங்க முன்கட்டுல பொறந்திருக்க வேண்டிய ஆளு"ன்னு டிரைவர் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த வாரம் நீ கூப்பிட்டாய். நான் அடுப்பைப் பற்றி அரை மணி நேரம் அளந்தேன். நீ கொதிகலன் ஆலையில் வேலை பார்ப்பவள், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாய், "அப்பா, புகைக்கு ஏறத்தான் தெரியும். படுக்கையா போற குழாயை வெளிய போகப் போக ஏத்திக்கிட்டே போங்க, இறக்கிடாதீங்க. நெருப்பு மந்தமானா திரும்பி வந்துரும்." நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "நான் குழாய் புடிக்கிறப்ப நீ தொட்டில்ல கெடந்த, எனக்கே குழாய் சொல்லித் தர்றியா"ன்னு கேட்டு வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருஷம் நான் போட்டதெல்லாம் தண்ணீர் போகிற குழாய், கழிவு போகிற குழாய். வெளியே போகிற குழாய் என்றால் வெளிப்பக்கம் இறங்க வேண்டும், அடிக்குக் கால் அங்குலம், இதை என் கை தூக்கத்தில்கூடச் செய்யும். அப்படியே செய்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, குமிழ் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். புகையைத் தண்ணீராக நினைத்து வாசல் வரை வழி காட்டிக்கொண்டிருந்தேன். நெருப்பு நன்றாக எரிந்த நாளெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. மூட்டுகளில் கறுப்பாக ஏதோ கசிந்தது. "குழாய்க்கும் பட்டாணி மாதிரி மூக்கு ஒழுகுது, என்னன்னு பாருங்க"ன்னு உன் அம்மா இரண்டு தடவை சொன்னாள். களிமண்ணைக் குழைத்து அப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அடுப்பு பற்றவைத்த பதிமூன்றாம் நாள் விறகு ஈரம், வெளியே காற்று அசையவில்லை. நெருப்பு பிடிக்காமல் கனன்றுகொண்டே இருந்திருக்கிறது. மத்தியானம் பெரிய பையன் தலை வலிக்கிறது என்றானாம், பட்டாணி வாந்தி எடுத்தாளாம், சின்னவன் எழுப்பினால் எழவில்லையாம். ஜன்னல் எப்போதும் போல ஒரு கையகலம் திறந்துதான் இருந்தது, சாத்திவிடாமல் இருக்க இடையில் அவள் செருகும் என் பழைய செருப்பு அங்கேயே இருந்தது. அவள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு அங்கேயே விழுந்திருக்கிறாள். கீழ்வீட்டுக்காரர்தான் பார்த்து வண்டி பிடித்தார். பிள்ளைகள் அன்றைக்கே தெளிந்துவிட்டார்கள். உன் அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத்தில் புகை ஏறிவிட்டது, கொஞ்ச நாளைக்குத் தலைவலி இருக்கும், அன்றைக்கு நடந்தது ஞாபகத்துக்கு வராமலேகூடப் போகலாம் என்றார் டாக்டர். எப்படி நடந்தது என்று அவர் கேட்டபோது நான் பக்கத்தில் நிற்கிறேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஜன்னலை மூடிட்டுக் கண் அசந்துட்டேன் டாக்டர்"ன்னு சொன்னாள். அவர் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "அடுப்புல தப்புன்னு எழுதுனா உங்க லைசென்ஸை வாங்கிருவாங்க. என் பேரு போனா என்னோட போகும். உங்க கையெழுத்து போனா வீடே போயிரும்." நான் இல்லை என்று சொல்லவில்லை மகளே. வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்லவில்லை.

இதற்குப் பிறகு செய்ததுதான் என்னால் எழுத முடியாமல் இத்தனை நாள் இழுத்தது. அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். உடுப்பு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து ஏணியைப் போட்டுக் குழாயின் கொக்கிகளைக் கழற்றி, சாய்வை மாற்றி, நீ சொன்ன மாதிரி ஜன்னல் பக்கம் ஏற்றமாகக் கட்டினேன். நாற்பது நிமிஷ வேலை. அந்த நாற்பது நிமிஷம் முன்னாலேயே செலவழித்திருந்தால் போதும். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், மறுநாள் காலையில் நகராட்சி ஆய்வாளர் வந்தார். அவரும் ரசமட்டம் வைத்திருந்தார். குழாயின் மேல் வைத்துப் பார்த்தார், குமிழ் சரியான பக்கம் நின்றது. "வேலை சுத்தமா இருக்கு"ன்னு என்னைப் பார்த்துச் சொன்னார், தோளில் வேறு தட்டினார். ஜன்னலை மூடி வைத்த குடியிருப்போரின் கவனக்குறைவு என்று எழுதி, முத்திரை குத்தி, ஒரு பிரதியை என் கையிலேயே கொடுத்தார். குளிரில் சூட்டை அடைத்தது யாருடைய கவனம் என்று அந்தப் படிவத்தில் கேள்வி கிடையாது. நானும் கேட்கவில்லை, கேட்டால் பேச்சு குழாய்க்கு வந்துவிடும் என்று பயம்.

அன்றிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. தையல்காரம்மா படிக்கட்டில் வைத்து, பத்துப் பேர் காது கேட்க, "தூங்குமூஞ்சிகிட்ட பச்சப்புள்ளைய விட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்"ன்னு சொன்னார். உன் அம்மா கையில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு நின்று கேட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு நீ கூப்பிட்டாய். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன், உன் குரல் வெளியே கேட்டது. "மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஜன்னலை மூடிட்டுத் தூங்குவியாம்மா, உனக்கு மூளை இல்லையா"ன்னு கேட்டாய். உன்மேல் தப்பில்லை, உனக்குச் சொன்னதை வைத்துத்தானே நீ கேட்பாய். "ஆமா கண்ணு, தப்புதான்"ன்னு சொன்னாள். அதற்குப் பிறகு நீ அவளைக் கூப்பிடவில்லை. அவள் பிள்ளைகளின் மூன்று டம்ளரையும் தினமும் அலம்பிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது முத்திரை குத்திய புளுகு, இருபது நாள் ஓடியது. நீ அனுப்பிய அந்த ஒரு வரியை அதற்குள் நூறு தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். பதினோரு குடித்தனத்திலும் ஒருத்தர் கேட்கவில்லை, படித்த ஆய்வாளர் கேட்கவில்லை, எங்கேயோ இருக்கிற நீ கேட்டாய்.

இருபதாம் நாள் மாடிக்குப் போனேன். தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்தார், டிரைவரையும் அங்கேயே வரச் சொல்லியிருந்தேன். தப்பு என்னுடையது, குழாயைத் தலைகீழாகச் சாய்த்துவிட்டேன், பிறகு யாருக்கும் தெரியாமல் திருப்பினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா, அவர்கள் நம்பவில்லை. தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமலே, "பொண்டாட்டிமேல பழி வரக்கூடாதுன்னு நீங்க தூக்கிப் போட்டுக்கிறீங்க, நல்ல மனுஷன்தான், ஆனா எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்"ன்னு சொன்னார். டிரைவர், "அண்ணே, ஆபீசரே பார்த்து எழுதிக் குடுத்துட்டாரு, நீங்க எதுக்கு இப்படி"ன்னு என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷனாம். உண்மையைச் சொன்னதற்கு இந்தப் பட்டம். இந்த ஊரில் ஒரு மனிதன் வாயால் சொல்வதைவிட ஒரு காகிதத்துக்கு மதிப்பு அதிகம், அந்த மதிப்பை வைத்துத்தான் பின்கட்டையே காலி செய்கிறார்கள், அதே காகிதத்துக்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் மறுநாள் காலையில் அவர்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். உன் அம்மா, "ஆறிக்கிட்டு வர்ற புண்ணை ஏன் சொறியிறீங்க"ன்னு தடுத்தாள், கேட்கவில்லை. அவர்கள் கண் முன்னால் ஏணியைப் போட்டுக் குழாயைப் பழையபடி இறக்கமாகக் கட்டினேன். ஜன்னலை அதே கையகலம் திறந்து அதே செருப்பைச் செருகினேன். ஈர விறகைப் போட்டுப் பற்றவைத்துக் காற்றுத் துளையைக் குறைத்தேன். படிக்கட்டுக் கதவைப் பாதி திறந்துவைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. முதலில் ஒன்றும் இல்லை, டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அடுப்புக் கதவின் இடுக்கிலிருந்தும் குழாய் மூட்டுகளிலிருந்தும் புகை எட்டிப் பார்த்தது, ஜன்னல் பக்கம் போக வேண்டியது அறைக்குள் திரும்பி வந்து உத்தரத்தில் பரவியது. தையல்காரம்மா இரும ஆரம்பித்தார். மூலையில் நின்றுகொண்டிருந்த உன் அம்மா அந்த வாடையை உணர்ந்ததும் என்ன ஆனாளோ தெரியவில்லை. பாய்ந்து வந்து தையல்காரம்மாவை இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் படிக்கட்டில் உட்காரவைத்தாள். திரும்பி ஓடி வந்து டிரைவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள், பிறகு என்னை. எங்கள் மூன்று பேரையும் படியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு தலையாகத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். கண் எங்கள் மேல் இல்லை. தையல்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்கும் இப்படித்தான் இழுத்துப் போட்டியாக்கா?"ன்னு கேட்டார். அன்றைக்குப் பிள்ளைகளை இழுத்தது உன் அம்மாவுக்கு ஞாபகமே இல்லை. டிரைவர் எழுந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். முந்தின நாள் என் கையைப் பிடித்த அதே கைதான். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த நாள் அந்த ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த குமாஸ்தா, "முடிஞ்சு போன ஃபைலை ஏன் சார் தோண்டுறீங்க, எங்களுக்குத்தானே வேலை"ன்னு அலுத்துக்கொண்டார். லைசென்ஸை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சில மாதத்துக்கா, ஒரேயடியாகவா என்று இன்னும் தெரியவில்லை. இப்போது வேறொரு குழாய்க்காரரிடம் கூலிக்குப் போகிறேன், அவர் கையெழுத்துப் போடுகிறார், நான் குழாய் சுமக்கிறேன். அதற்காக வருத்தப்படாதே. நான் வருத்தப்படுவது வேறொன்றுக்கு. அன்று சாயங்காலம் உன் அம்மா ஒன்று சொன்னாள், அதற்குப் பிறகு இன்று வரை சாப்பாடு வைக்கிறாள், பேச்சு வைக்கவில்லை. "நான் பொய் சொன்னது நீங்க யோசிக்க ஒரு நாள் கிடைக்கட்டும்னுதான். மறுநாளே நீங்க சொல்லிருவீங்கன்னு நினைச்சேன். இருபது நாள் எடுத்துக்கிட்டீங்க." அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு நாள் காலையிலும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவள் வைத்திருந்த ஒரு நல்ல எண்ணத்தை நான் கரைத்துவிட்டேன், அதை எந்தக் குப்பையிலிருந்தும் பொறுக்கி எடுத்து ஒட்ட முடியாது.

அடுப்பு இருக்கிறது. சாய்வைச் சரி செய்துவிட்டேன், ஆனால் மூட்டுகள் எல்லாம் இன்னும் தண்ணீருக்குப் போடுகிற மாதிரிதான் இருக்கின்றன, அதனால்தான் கசிவு நிற்கவில்லை என்று நினைக்கிறேன். நீ சொல்லும் வரை அதில் கை வைக்கக் கூடாது, பற்றவைக்கவும் கூடாது என்று உன் அம்மாவிடமிருந்து தையல்காரம்மா மூலமாக எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. மூட்டுகளில் எந்தக் குழாயின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று உன் அம்மாவிடமே விளக்கமாகச் சொல், அவள் சொல்கிறபடி நான் திருகுகிறேன். அதுவரை அறையைச் சூடாக்க டிரைவர் ஒரு பழைய மின் அடுப்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், என்னைப் பார்க்கவில்லை. அவருடைய பையன்கள் இன்னும் வரவில்லை, அவர் மனசு ஆற நாளாகும், ஆறாவிட்டாலும் நியாயம்தான். பட்டாணி நேற்றிலிருந்து வருகிறாள். நீ இருக்கிற அறையில் வெந்நீர் சூடாக்க என்ன வைத்திருக்கிறார்கள், புகை எங்கே போகிறது என்று ஒரு தடவை பார்த்துவை, வீட்டுக்காரர் சொன்னார் என்று நம்பாதே, நீயே பார். கால் ஈரமாக இருந்தால் உடனே காலுறையை மாற்று. வேலையில் உன் மேலதிகாரி தப்பாக ஏதாவது சொன்னால் சின்னவள் என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதே, சொல்லிவிடு, கேட்காவிட்டால் இன்னொரு தடவை சொல். நான் வைத்துவிட்ட மாதிரி யாராவது வைத்துவிட்டால் திரும்பக் கூப்பிடு.

என்னோடு இப்போது பேச வேண்டும் என்று இல்லை, உனக்கு எப்போது முடியுமோ அப்போது. அம்மாவைக் கூப்பிடு, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே. எடுத்ததும் மன்னிப்பு அது இது என்று ஆரம்பித்துவிடாதே, அவளுக்குத் தாங்காது, முதலில் ஏதாவது பேசு. நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும் உன் வார்த்தைக்கு மரியாதை இருக்க வேண்டும், அப்பா கொடுக்காததை மற்றவர்களாவது கொடுக்கட்டும். போன் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருக்கும், அவள் கையில் பிள்ளை இருக்கும், வைத்துவிடாதே.

உன் அப்பா